தெளிந்த திரவ உணவு நாளில் சுகர் தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முந்தைய நாள், சில அறுவைச் சிகிச்சைகளுக்கு முன்பு, குடலுக்கு ஓய்வு தேவைப்படும்போது, மருத்துவர் "தெளிந்த திரவம் மட்டும்" என்று எழுதிக் கொடுப்பார். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். தண்ணீர், சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ், வெள்ளைத் திராட்சை ஜூஸ், நன்றாக வடிகட்டிய சூப், பால் சேர்க்காத டீ அல்லது காபி, ஜெலட்டின் ஜெல்லி, நிறமில்லாத எலுமிச்சைச் சோடா, ஸ்போர்ட்ஸ் டிரிங்க், இவ்வளவுதான் மெனு. பால் ஒரு சொட்டும் கூடாது. கொலோனோஸ்கோபி என்றால் சிவப்பு, ஊதா, நீல நிறப் பானங்களும் கூடாது; குடலுக்குள் அந்தச் சாயம் ரத்தம் போலத் தோன்றிக் குழப்பும்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இது பசியோடு கழியும் ஒரு நாள், அவ்வளவே. சர்க்கரை நோயாளிக்கு அப்படியல்ல; பல வருடம் பழகிய விதி அன்றைக்குத் தலைகீழாகிறது. எதைத் தொடாதே என்று சொல்லி வந்தார்களோ அதுவே இன்று சாப்பாடு. மேலே உள்ள பட்டியலில் உடம்புக்கு எரிபொருள் தருவது கிட்டத்தட்ட சர்க்கரை மட்டும்தான். அன்றைய தொல்லைகளில் பெரும்பாலானவை இரண்டே வழியில் வருகின்றன என்பது என் கணிப்பு. ஒன்று, பழக்க தோஷத்தால் நாள் முழுக்க "சுகர் ஃப்ரீ" பானமாகவே குடிப்பது. இன்னொன்று, பசி தாங்காமல் இனிப்பானதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த பல மணி நேரம் வெறும் தண்ணீரில் ஓட்டுவது.

கீழே உள்ளது அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி. மருந்தின் அளவை எவ்வளவு குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு இது மாற்று ஆகாது. சுகர் எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில். உங்கள் சுகர் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் இங்குள்ள சுகர் எண்ணை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறி வந்தாலும் முதலில்

விரலைக் குத்திப் பாருங்கள். பசியா, லோ சுகரா, பதற்றமா, நீர் வற்றியதா என்று அன்றைக்கு உடம்பை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. நாலும் ஒன்று போலவே இருக்கும்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். சாதாரண நாளில் பலரும் விட்டுவிடும் வேலை இது, இன்றைக்கு விடக்கூடாது. ஜூஸோ தேனோ குளுக்கோஸ் பவுடரோ விரலில் ஒட்டியிருந்தால், உண்மையில் 65 இருக்கும் இடத்தில் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் ஒட்டிய சர்க்கரை முழுதாகப் போகாது. கழுவ வழியே இல்லையென்றால் முதல் துளி ரத்தத்தைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை ஸ்ட்ரிப்பில் வையுங்கள்.

எண் கையில் வந்ததும் மூன்றைக் காகிதத்தில் எழுதுங்கள்: இப்போதைய சுகர் அளவு, கடந்த நாலு மணி நேரத்தில் இனிப்பாக என்னவெல்லாம் எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள். மருத்துவமனைக்குப் போன் செய்தால் அவர்கள் கேட்கப்போவதும் இந்த மூன்றைத்தான்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, நடுஇரவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. அது தனியாக லோ சுகரைக் கொண்டுவரும் மருந்து அல்ல.

கணக்கு சரியாக இருக்கிறதா?

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இது என்பதால் இதில் கொஞ்சம் நிற்கலாம். திரவ உணவில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்குப் பரவலாகச் சொல்லப்படும் இலக்கு, நாளுக்குச் சுமார் 200 கிராம் கார்போஹைட்ரேட் (மாவு, சர்க்கரைச் சத்து). அதைச் சமமாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். மூன்று வேளைக்குத் தலா 45 கிராம், இடையில் மூன்று முறை தலா 20 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 195 வந்துவிடும். உங்கள் மருத்துவரோ உணவியல் ஆலோசகரோ வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே செல்லும்.

எதில் எவ்வளவு? ஆப்பிள் ஜூஸ் 100 மில்லியில் ஏறக்குறைய 11 கிராம். வெள்ளைத் திராட்சை ஜூஸில் அதைவிடக் கூடுதல், சுமார் 15 கிராம். சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சோடா 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம். ஆனால் சில நாடுகளில் சாதாரணப் பானத்திலும் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் நம்பாதீர்கள். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் 6 கிராம்தான். சாதாரண ஜெல்லி அரை கப்புக்கு 15 முதல் 20 வரை. சர்க்கரை ஒரு டீஸ்பூன் 4 கிராம், தேன் ஒரு டீஸ்பூன் 6 கிராம். தெளிந்த சூப்பில் உப்பும் நீரும் உண்டு, சர்க்கரை ஏறக்குறைய பூஜ்யம். சூப் குடித்துவிட்டு ஒரு வேளை சாப்பிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் மிக எளிதாக ஏமாறும் இடம்.

ஆக, ஒரு வேளை என்பது 200 மில்லி ஆப்பிள் ஜூஸ், அரை கப் ஜெல்லி, ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்ட பாலில்லாத டீ. இவற்றோடு சூப்பும் தண்ணீரும் வேண்டிய அளவு. டீயில் சர்க்கரை போடக் கை கூசும்தான். போடுங்கள்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு; மீட்டரில் 70-க்குக் கீழே

இது லோ சுகர். யோசிக்க நேரமில்லை, 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். 120 முதல் 150 மில்லி ஆப்பிள் ஜூஸ், அல்லது தண்ணீரில் கலக்கிய 4 டீஸ்பூன் சர்க்கரை, அல்லது குளுக்கோஸ் மாத்திரை என்றால் அட்டையில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து 15 கிராமுக்கு ஆகும் எண்ணிக்கை. பிறகு 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். 54-க்கும் கீழே என்றால் அது தீவிரம். பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

வழக்கமான நாளில் லோ சுகர் சரியானதும் ஏதாவது சாப்பிட்டு நிலைநிறுத்துவோம். இன்று அந்த வசதி இல்லை. குடித்த ஜூஸ் வேகமாக ஏற்றும், அதே வேகத்தில் தீர்ந்தும் போகும். அதனால் 70-ஐத் தாண்டியதும் அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இன்னொரு 15 கிராமை மெதுவாகக் குடியுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு தடவை குத்திப் பாருங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் குடித்தும் எண் அசையவே இல்லையா? அகார்போஸ், வோக்லிபோஸ், மிக்லிட்டால் இவற்றில் ஏதாவது எடுக்கிறீர்களா என்று பாருங்கள். குடலில் சர்க்கரை உடைவதையே தாமதப்படுத்தும் மருந்துகள் இவை. சமையல் சர்க்கரை அவர்களுக்கு நேரத்தில் வேலை செய்யாது. நேரடிக் குளுக்கோஸ் மாத்திரையோ பவுடரோதான் வேண்டும். இந்த மருந்து எடுப்பவர்கள் வீட்டில் முதல் நாளே குளுக்கோஸ் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொண்டு லோ சுகரைச் சரிசெய்ய முயல்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. 15 கிராம் வேண்டுமானால் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். நீரிழப்புக்கு அது அருமையான மருந்து, லோ சுகருக்கு உதவாது. "டயட்", "ஸீரோ" என்று போட்ட பானங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவசரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து தவறான பாட்டிலை எடுக்காமலிருக்க, லோ சுகருக்கான ஜூஸை அளந்து தனி டம்ளரில் ஊற்றி மூடி வையுங்கள்.

ஒரு தடவை சரியாகி மறுபடி இறங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மருந்து. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்றவற்றால் வரும் லோ சுகர் ஒரு தடவையோடு நிற்காது. வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். அன்று காலை அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டாவது முறையும் 70-க்குக் கீழே போனால் வீட்டில் ஜூஸை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனை தள்ளிப்போனாலும் போகட்டும்.

"எதுவும் குடிக்கக்கூடாது" என்ற நேரத்தில் லோ சுகர் வந்துவிட்டால்?

பலரும் பயப்படும் கேள்வி இதுதான். மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த திரவம் குடிக்கலாம் என்பது பரவலான விதி. சில மருத்துவமனைகள் அதைவிட முன்னதாகவே நிறுத்தச் சொல்லும். அந்த இடைவெளியில் 70-க்குக் கீழே போனால் தயங்காமல் சரிசெய்யுங்கள். குளுக்கோஸ் மாத்திரையோ, அளவான ஆப்பிள் ஜூஸோ, தெளிந்த பொருளாகவே இருக்கட்டும். உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்ததும் மயக்க மருத்துவரிடம் நேரத்தோடும் அளவோடும் மறுபடி சொல்லுங்கள். அவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். அட்டவணையைக் காப்பாற்றுவதற்காக 55-உடன் வண்டியில் ஏறுவதும், குடித்ததை மறைப்பதும்தான் உண்மையான ஆபத்து.

இந்தச் சிக்கலே வராமலிருக்க எளிய வழி, காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குவது. சர்க்கரை நோயாளி என்று சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது.

கூட இருப்பவருக்கு: அவர் குழம்புகிறார், கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை

பேச்சு குழறுவது, காரணமில்லாத எரிச்சல், எங்கே இருக்கிறோம் என்ற தடுமாற்றம், இவை வயதானவர்களிடம் நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் முன்பே வரும். விழுங்க முடிகிறதென்றால் ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். விழுங்க முடியவில்லை, நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சுகரை ஏற்றும் குளுக்ககான் ஊசியோ மூக்கில் அடிக்கும் குளுக்ககானோ வீட்டில் இருந்தால் இதுதான் அதற்கான நேரம். அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதை முதல் நாளே காட்டி வைத்திருக்க வேண்டும்.

அதே நடுக்கம், அதே படபடப்பு. ஆனால் எண் 110

முதலில் கை கழுவினீர்களா? இல்லையென்றால் கழுவிவிட்டு மறுபடி குத்துங்கள். மறுபடியும் 110 என்றால் லோ சுகர் இல்லை, வேறு காரணங்களைப் பார்க்கலாம்.

பல மாதமாக 250, 300 என்று ஓடிய உடம்பு 110-ஐயே தாழ்வாக உணரும். அதற்கு ஜூஸ் தேவையில்லை. உட்கார்ந்து சூடாக ஒரு கோப்பை சூப் குடித்தால் பெரும்பாலும் அடங்கும். சுகர் மிக வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போதும் இப்படி வரும்: அரை மணி நேரம் முன் 220, இப்போது 110 என்றால் அது நிற்கும் இடம் 110 ஆக இருக்காது. அப்போது 15 கிராம் குடிப்பது நியாயம். பால் இல்லாமல் காபி பிடிக்காது என்று காலையிலிருந்து காபியையே விட்டவர்களுக்குத் தலைவலியோடு எரிச்சலும் வரும். கறுப்புக் காபி ஒன்று குடித்தால் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ புரோப்ரனலால், மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வராமலே சுகர் இறங்கும். மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். அவர்களுக்கு உடம்பு சொல்லும் செய்தியைவிடக் கடிகாரம் பார்த்துக் குத்துவதே பாதுகாப்பு.

சென்சார் 60 என்கிறது, விரல் 95 என்கிறது

விரலை நம்புங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. சில நிமிடம் பின்தங்கியே வரும். சோர்ந்து சென்சார் இருக்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தால் அழுத்தத்தால் பொய்யான லோ காட்டும். திரும்பிப் படுத்துச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஆனால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று காட்டி உடம்பு கெட்டதாகச் சொன்னால், அப்போதும் விரல்தான்.

250-க்கு மேலே ஏறிவிட்டது

இந்த நாளில் 180, 200 என்று வந்தால் பதற வேண்டாம். ஒரு நாள் கொஞ்சம் உயர்ந்து நிற்பது ஒரு மணி நேரம் 50-ல் கிடப்பதைவிடப் பாதுகாப்பு; மருத்துவர்களும் அன்றைக்கு இலக்கைத் தளர்த்தியே வைப்பார்கள். 250-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் காரணம் தேட வேண்டும்.

பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது, கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் பேதி மருந்து. பாலிஎத்திலின் கிளைக்கால் பவுடரில் ரத்தச் சர்க்கரையை ஏற்ற எதுவும் இல்லை. ஆனால் அதைக் கலக்கும் திரவத்தில் இருக்கும். சுவைக்காக 2 லிட்டர் சாதாரண ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் கலக்கினால் அதிலேயே 120 கிராம் சர்க்கரை, அதுவும் சில மணி நேரத்துக்குள். உங்கள் குறிப்பில் அப்படிக் கலக்கச் சொல்லியிருந்தால் சர்க்கரையில்லாத வகையைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். சுகர் ஃப்ரீ பானத்துக்கு இந்த நாளில் உண்மையான இடம் ஒன்று உண்டு என்றால் அது இங்கேதான். பேதி மருந்தோடு சர்க்கரை உள்ளே போனால் எவ்வளவு போனது என்று உங்களுக்கே தெரியாது. சர்க்கரை வேளைக்கு வேளை டம்ளரில் அளந்து போகட்டும். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உணவாகப் பார்த்தால் சர்க்கரை போதாது, தாகத்துக்குப் பார்த்தால் சர்க்கரை அதிகம்.

அடுத்த காரணம், "சாப்பிடவில்லையே, பிறகு எதற்கு இன்சுலின்" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. சாப்பாட்டோடு போடும் வேக இன்சுலின் வேறு, நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலின் வேறு. பின்னதைச் சிலருக்குக் குறைப்பார்கள், ஆனால் டைப் 1 (உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகை) உள்ளவர் அதை முழுதாக நிறுத்தவே கூடாது. ஒன்றுமே உண்ணாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் கலந்து வரும் இன்சுலின் போடுபவர்களுக்குத்தான் தடுமாற்றம் அதிகம். கலவையில் ஒரு பாதியை மட்டும் குறைக்க வழியில்லை என்பதால், அன்றைக்கு எத்தனை யூனிட் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அடுத்த வேளைவரை தண்ணீர், சூப், சர்க்கரையில்லாத டீ. ஏறிய சுகரை இறக்கக் கூடுதலாகப் போடும் திருத்த இன்சுலினை உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் அந்த அட்டவணைப்படி மட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். டைப் 1 என்றால் 250-க்கு மேலே கீட்டோனையும் (கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். 300-க்கு மேலே நின்றால் போன் செய்யுங்கள்.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குகிறது

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் இங்கே மீட்டர் எண் பொய்யான தைரியம் தரும்.

பேதி மருந்தை அவசரமாகக் குடித்தால் யாருக்கும் குமட்டும். அரை மணி நேரம் நிறுத்தி, குளிரவைத்து, சிறுசிறு மடக்காக மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். அப்படி அடங்கினால் விஷயம் முடிந்தது.

அடங்காமல் வாந்தி தொடர்ந்து, அடித்துப்போட்டாற்போல் களைப்பும், ஆழமாக வேகமாக மூச்சும் சேர்ந்தால் கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் ஆபத்தான அளவு சேர்ந்து ரத்தம் அமிலமாவது) என்று சந்தேகிக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் போன்ற "கிளிஃப்ளோசின்" மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சுகர் 250-க்குக் கீழே, சில சமயம் 150, 180-லேயே வரும். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் ரத்தத்தில் அளவு நல்லபடியாகத் தெரியும். உள்ளே உணவில்லாமல் கொழுப்பு எரிந்து அமிலம் சேர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தும்படியும், எர்டுகிளிஃப்ளோசினை 4 நாள் முன்பு நிறுத்தும்படியும் மருந்துக் குறிப்பைத் திருத்தியது. மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் இவை வருவதால், தான் இதை எடுக்கிறோம் என்றே தெரியாதவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். அதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, பரிசோதனையோ நாளைக்கு என்றால் இப்போதே போன் செய்து சொல்லுங்கள்.

ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் (இந்த எண்கள் மில்லிமோல்/லிட்டரில்) 0.6-க்குக் கீழே இயல்பு. திரவ உணவில் சற்றே ஏறுவது வியப்பில்லை. அது பெரும்பாலும் சர்க்கரை குறைவாக எடுத்ததற்கான அடையாளம். 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும், 3-ஐத் தொட்டால் நேராக அவசரச் சிகிச்சைக்கு. மீட்டர் இல்லாதவர் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். எதைக் குடித்தாலும் வாந்தியாகிறது, மூச்சு வாங்குகிறது என்பதே போதிய காரணம்.

செமாகுளுடைடு, டுலாகுளுடைடு, லிராகுளுடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகும், குமட்டலும் அதிகம். 2023-ல் அமெரிக்க மயக்கவியல் நிபுணர்கள் சங்கம் வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024-ல் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தின: பெரும்பாலானோர் தொடரலாம், ஆபத்து கூடியவர்கள் 24 மணி நேரம் திரவ உணவில் இருக்கலாம் என்றன. இப்போதும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது. ஊசி போடுகிறேன் என்பதையும், கடைசியாகப் போட்ட தேதியையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

எழுந்தால் கண் இருட்டுகிறது, வாய் வறண்டிருக்கிறது

சுகர் சரியாக இருந்தால் இது நீரிழப்பு. பேதியில் போவது வெறும் தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். அதனால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது சரியான பதில் இல்லை. உப்புள்ள தெளிந்த சூப்பும் ஓ.ஆர்.எஸ்.ஸும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக, குறைவாகப் போனால் இன்னும் போதவில்லை. நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அன்று அவை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குச் சிரமம் என்பதால்தான் மெட்ஃபார்மினையும் பல மருத்துவர்கள் அன்று நிறுத்தி வைக்கிறார்கள்.

இதய பலவீனம், டயாலிசிஸ் என்று ஏற்கெனவே நீருக்கும் உப்புக்கும் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவர்களுக்கான அளவு தனியாக எழுதி வாங்க வேண்டும்.

நடுஇரவில் வியர்த்து விழிப்பு வருகிறது

மாலை 6 மணிக்குக் கடைசி டம்ளர் ஜூஸ், இரவு முழுக்கப் பேதி மருந்தும் தண்ணீரும், வழக்கமான இரவு இன்சுலின்: இந்த மூன்றும் சேர்ந்தால் விடியற்காலையில் சுகர் இறங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. படுக்கும் முன் 100-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் குடித்துவிட்டுப் படுங்கள். அந்த நேரம் ஜெல்லி நல்ல தேர்வு. கடிக்க ஏதோ கிடைத்தது என்ற திருப்தியும் உண்டு. அதிகாலை 3 மணிக்கு அலாரம் வையுங்கள். எப்படியும் கழிவறைக்கு எழுந்திருப்பீர்கள், மீட்டரை அந்த வழியிலேயே வைத்துவிடுங்கள்.

பேதி மருந்து குடித்தும் தெளிவாகப் போகவில்லை

சர்க்கரை நோயாளிகளுக்குக் குடல் சுத்தமாவது மற்றவர்களைவிடச் சிரமம். நரம்பு பாதிப்பால் குடல் அசைவு மந்தமாவது ஒரு காரணம். முன்பு ஒருமுறை "சரியாகச் சுத்தமாகவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் அதை இந்த முறை முன்கூட்டியே சொல்லுங்கள். பேதி மருந்தின் அளவையோ நாட்களையோ மாற்றித் தருவார்கள். நீங்களாக இரண்டாம் நாளும் திரவ உணவை நீட்டிக்காதீர்கள். வெளியேறுவது மஞ்சள் கலந்த தெளிந்த நீராக இருந்தால் போதும். அதைத் தாண்டி வெள்ளையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

பேதி மருந்து தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் விழுங்கிய மாத்திரை உடம்பில் சேராமலே வெளியேறிவிடக்கூடும். வலிப்பு, இதயத் துடிப்பு, தைராய்டு மாத்திரைகளின் நேரத்தை அதற்கேற்ப முன்னே தள்ளி அமைக்கலாமா என்று கேளுங்கள்.

எல்லாம் முடிந்தது, இப்போது சுகர் ஏறுகிறது

முதல் முழுச் சாப்பாட்டில் பட்டினியின் கணக்கைத் தீர்ப்பவர்கள் அதிகம். அதோடு மருந்து இன்னும் குறைந்த அளவிலேயே இருந்தால் மாலைக்குள் 300 காட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது "எந்த மருந்து, எந்த வேளையிலிருந்து, பழைய அளவா" என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். மயக்க மருந்தின் தூக்கத்தில் கேட்டது நினைவில் நிற்காது; கூட வந்தவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேர இன்சுலின் வழக்கமாகச் சாப்பிடத் தொடங்கும் வேளையிலேயே திரும்பும். கிளிஃப்ளோசின் மட்டும் அவசரப்படக் கூடாத மருந்து: வாந்தி இல்லாமல், ஓரிரு வேளை மட்டும் என்றில்லாமல் வழக்கம் போல உண்டு குடிக்கத் தொடங்கிய பிறகே, மருத்துவர் சொன்ன நாளில் அதை மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை இரண்டு மூன்று நாள் சுகர் சற்று உயர்ந்தே நிற்கும். அதைக் குறைக்கச் சாப்பாட்டை மறுபடி வெட்டாதீர்கள்.